நாணயச்சாலைக் குறியில் தெரியும் வேறுபாடு: அச்சிலேயே பிறந்ததா, அடிபட்டு வந்ததா?

காசுப்பெட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த சில்லறையில் சற்று வித்தியாசமாகத் தென்பட்டவற்றை எடுத்து, சிறு காகித உறைகளில் போட்டு, ஒவ்வோர் உறையின்மேலும் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி, ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. அவற்றுள் மூன்று காசுகளைப் பற்றியும், அவரைப் போலவே சேகரிக்க ஆசைப்பட்டு நானே வாங்கிய ஒரு காசைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதலாவது, 1997ஆம் ஆண்டின் துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய். ஆண்டு எண்ணின் கீழே, காசை அடித்த இடத்தைக் காட்டும் குறியாக, நொய்டா நாணயச்சாலைக்குரிய புள்ளி இருக்கிறது; அதற்கு வலப்புறம் இன்னொரு புள்ளியும் தெரிகிறது. உறையில் ‘இரட்டைப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் ஒரு ரூபாய். குறி இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம் என்றோ புள்ளி என்றோ சொல்ல முடியாத ஒரு சிறு மேடு மட்டும் இருக்கிறது. மூன்றாவது, 1985ஆம் ஆண்டின் பெரிய குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) ஒரு ரூபாய். அதில் வைரக் குறி ஆண்டின் நடுவில் இல்லாமல், முதல் இலக்கமான 1-இன் கீழே தள்ளி நிற்கிறது. ‘இடம் தவறியது, அடிபட்டதாக இருக்கலாம்’ என்பது அந்த உறையின் குறிப்பு. நான்காவது, நான் ஒரு கண்காட்சியில் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய பதினொரு பக்க இரண்டு ரூபாய். ஆண்டின் கீழே எந்தக் குறியும் இல்லை. ‘குறி விடுபட்ட எரர் காசு’, அதாவது அச்சடிப்பில் பிழை நேர்ந்த காசு, என்று சொல்லி விற்றார்கள்.

என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருக்கிறது. விற்கும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. அந்த உறைகளில் சரியான குறிப்பை எழுதி வைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். லென்ஸ் வழியே எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாணயக்கண்

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். உங்கள் தந்தையார் உறை போட்டுக் குறிப்பு எழுதி வைத்திருப்பதே பெரிய காரியம். முப்பது ஆண்டுகளாகச் சேகரிப்பவர்களில் பலர் அதைச் செய்வதில்லை.

நான்காவது காசிலிருந்து தொடங்குகிறேன். வருத்தமான செய்தி அதில்தான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தியக் குடியரசின் காசுகளில் மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று குறிகள் இருக்கின்றன. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. ஆகவே குறி இல்லாத காசு என்பது பெரும்பாலும் கொல்கத்தாவில் அடித்த காசு என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கோடிக்கணக்கில் புழங்கிய காசை ‘குறி விடுபட்டது’ என்று சொல்லி 600 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். புதிதாகச் சேகரிக்க வருபவரின் ஆர்வத்தை இப்படிப் பணமாக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் கொதிக்கிறது. கொல்கத்தாக் காசு என்று உறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; நல்ல நிலையில் இருந்தால் தொகுப்பில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

மற்றக் காசுகளுக்கு வருவதற்கு முன் ஓர் அடிப்படையைச் சொல்ல வேண்டும். காசை லென்ஸில் பார்க்கும்போதெல்லாம் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘இங்கே இருக்கும் உலோகம் எங்கிருந்து வந்தது, இங்கே இல்லாத உலோகம் எங்கே போனது?’ என்பதுதான். காசின்மேல் மேடாகத் தெரியும் எழுத்தும் எண்ணும் குறியும் அச்சில் பள்ளமாக இருப்பவை. அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் அந்தப் பள்ளங்களுக்குள் ஏறி நிரம்புகிறது. அச்சின் பரப்பில் ஒரு சிறு சில்லுப் பெயர்ந்துவிட்டால் அங்கே புதிய பள்ளம் உண்டாகும்; அதன்பின் அந்த அச்சில் அடிக்கப்படும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் ஒரு மேடு தோன்றும். ஆகவே அச்சினால் வந்த கூடுதல் புள்ளி எப்போதும் மேடாகவே இருக்கும். அதன் சரிவு மென்மையாகவும், மேற்பரப்பின் மினுமினுப்பு சுற்றியுள்ள தளத்தின் மினுமினுப்போடு இடைவெளியின்றித் தொடர்ந்தும் இருக்கும். காசு அடிபட்டால் நடப்பது இதற்கு நேர்மாறானது. அடிபட்ட இடத்தில் உலோகம் குழிந்து, குழியிலிருந்து தள்ளப்பட்ட உலோகம் ஒரு பக்கமாக வரப்புபோல் ஒதுங்கி நிற்கும். சில காசுகளில் அந்த வரப்புதான் நம் கண்ணுக்குப் புள்ளியாகவோ கோடாகவோ தெரிந்து ஏமாற்றுகிறது.

மேடா பள்ளமா என்பதைக் கண்டுகொள்வது கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், லென்ஸின் அடியில் கண் பல முறை தவறும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றை மட்டும் இடப்பக்கத்தில் தாழ்வாக வைத்து, ஒளி சாய்வாக விழும்படி செய்யுங்கள். ஆண்டு எண் மேடானது என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். அதன் இடப்பக்கம் ஒளிர்ந்து, வலப்பக்கம் நிழல் விழும். சந்தேகத்துக்குரிய புள்ளியிலும் நிழல் அதே பக்கத்தில் விழுந்தால் அது மேடு. எதிர்ப்பக்கத்தில் விழுந்தால் பள்ளம். படம் எடுத்து அனுப்புவதானால் புள்ளியை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், ஆண்டு எண்ணும் சேர்ந்து விழும்படி எடுங்கள். புள்ளி மட்டும் இருக்கும் படத்தில் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிய எவராலும் முடியாது.

1997 காசின் இரண்டாவது புள்ளி மேடு என்று தெரிந்தாலும்கூட, அதை ‘இரட்டை நாணயச்சாலைக் குறி’ என்று நான் சொல்லமாட்டேன். அது அச்சில் சில்லுப் பெயர்ந்ததன் அடையாளம் மட்டுமே. நாணயச்சாலையில் எவரும் இரண்டாவது புள்ளியைக் குறியாக நினைத்துப் பதிக்கவில்லை.

அச்சுப்பட்டறை

வணக்கம். நான் கோயம்புத்தூரில் டூல் அண்ட் டை (கருவிகளும் அச்சுகளும் செய்யும்) பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாணயச்சாலைக்குள் நான் போனதில்லை. ஆனால் எஃகு அச்சு எப்படித் தேயும், எப்படி உடையும் என்பது எனக்கு அன்றாடப் பழக்கம். மேலே ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, உங்கள் இரண்டாவது காசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நட்சத்திரக் குறி அச்சில் ஒரு சிறிய ஐந்து முனைப் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளம் கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் காசில் விட்டுச்செல்லும் தடயம் வெவ்வேறானது. எண்ணெய்ப் பசையும் உலோகத் தூளும் கலந்த அழுக்கு அச்சின் பள்ளங்களில் சேரும். அகன்ற பகுதிகளைக் காட்டிலும் குறுகிய முனைகளில்தான் அது முதலில் அடைத்துக்கொள்ளும். முனைகள் அடைபட்டால் காசின் உலோகம் அங்கே ஏற இடமிருக்காது. அப்போது நட்சத்திரத்தின் கைகள் காணாமல் போய், நடுப்பகுதி மட்டும் உருண்டையாக, நொய்டாப் புள்ளியைப் போலவே தெரியும். இன்னொரு வழி, கைகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய எஃகுப் பகுதி நொறுங்கிப் போவது. அப்படி நேர்ந்தால் பள்ளம் அகலமாகிறது. காசில் நட்சத்திரம் சிறுத்துப் போகாமல், கைகளின் இடுக்குகள் நிரம்பிய தடித்த கட்டியாகத் தெரியும். துருப்பிடிக்காத எஃகு கடினமான உலோகம் என்பதால் அச்சு அதிகமாக வதைபடும். குப்ரோநிக்கல் அடிக்கும் அச்சைவிட எஃகு அடிக்கும் அச்சு விரைவில் தேய்வதில் வியப்பில்லை.

ஆகவே உங்கள் 1995 காசில் இருக்கும் மேட்டை, அதே ஆண்டின் தெளிவான ஹைதராபாத் காசு ஒன்றையும் நொய்டாக் காசு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பீட்டுக் காசு கையில் இல்லாமல் லென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது, அளவுகோல் இல்லாமல் பொருளின் நீளம் சொல்வதைப் போன்றது. மேட்டின் விளிம்பு முழு வட்டமாக இருக்கிறதா, எங்காவது ஒரு கோணம் தென்படுகிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தில் உள்ள மற்ற நுண்ணிய எழுத்துகளும் மங்கியிருந்தால் அழுக்கு அடைத்த அச்சு என்று கருத இடமுண்டு. குறி மட்டும் மழுங்கி மற்றவையெல்லாம் கூர்மையாக இருந்தால், காசு வெளியே வந்த பிறகு எவரோ அரத்தால் தேய்த்திருக்கக் கூடும் என்ற ஐயம் எழ வேண்டும். தேய்த்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். அச்சின் தேய்மானத்தால் வரும் ஓட்டக் கோடுகளோ காசின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி விரிந்து செல்லும். ஏனெனில் அச்சடிக்கும்போது உலோகம் வெளிப்புறமாகத்தான் ஓடுகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். சில்லுப் பெயர்ந்த அச்சின் காசைத் தனி வகை (அச்சைச் செய்யும்போதே உண்டான வேறுபாடு) என்று சொல்ல முடியாது என்பது சரி. ஆனாலும் அது பாதுகாக்கத் தகுந்தது. ஒரே அச்சு சிறுகச் சிறுகச் சிதைந்துகொண்டு போவதை நான்கைந்து காசுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பட்டறைக்காரனான எனக்கு அதைவிட அழகான தொகுப்பு இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

செம்புக்காசு

வணக்கம். பெட்டியில் இருக்கும் 1985 காசைப் பற்றி இன்னும் எவரும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த காசு அதுதான். 1985ஆம் ஆண்டில் நம் ஒரு ரூபாய்க் காசுகள் வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் அடிக்கப்பட்டன. பர்மிங்காமில் ஹீட்டன் நாணயச்சாலை அடித்தவற்றில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வேல்ஸில் உள்ள லான்ட்ரிசன்ட்டில் பிரிட்டனின் அரச நாணயச்சாலை அடித்தவற்றில் வைரக் குறி ஆண்டின் முதல் இலக்கத்தின் கீழே இருக்கும். மும்பையின் வைரம் ஆண்டின் நடுவில் இருப்பது. எனவே உங்கள் தந்தையார் ‘இடம் தவறியது’ என்று எழுதியது, உண்மையில் இடம் தவறாமல் வேண்டுமென்றே அங்கே வைக்கப்பட்ட குறியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அடிபட்ட ஒரு காயம் நான்கு பக்கமும் சமமான வைரமாக, மேடாக, சரியாக 1-இன் கீழே வந்து அமர்வது நடக்கக் கூடியதன்று. அது அரிய காசு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உண்மையான வகை என்பதும் விலையுயர்ந்த காசு என்பதும் ஒன்றல்ல.

வகையையும் சேதத்தையும் பிரித்தறிய நான் கற்றுக்கொண்டதெல்லாம் அமெரிக்கச் செம்புக் காசுகளிடமிருந்துதான். அதுவும் பணம் இழந்து கற்றது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு டென்வர் நாணயச்சாலையில் மட்டுமே, ஏறத்தாழ 71 லட்சத்து 60 ஆயிரம் அடிக்கப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவும் சான் பிரான்சிஸ்கோவும் அந்த ஆண்டு சென்ட்டே அடிக்கவில்லை. அப்படியானால் எல்லாக் காசிலும் டென்வரின் ‘டி’ இருந்தாக வேண்டும். ஆனால் சிலவற்றில் இல்லை. நம் நாட்டில் குறியில்லாத காசுக்குக் கொல்கத்தா என்ற முகவரி உண்டு. 1922இன் குறியில்லாத சென்ட்டுக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

அந்தக் காசுகளிலும் எல்லாம் ஒன்றல்ல. அழுக்கு அடைத்து ‘டி’ மங்கலாகத் தெரிபவை ஒரு வகை. அவற்றுக்கு மதிப்புக் குறைவு. சேதமுற்ற முன்பக்க அச்சை அளவுக்கு மீறித் தேய்த்து மெருகேற்றியதால் ‘டி’ முற்றாக அழிந்து, அதோடு புதிதாக மாற்றிய பின்பக்க அச்சைச் சேர்த்து அடித்தவை இன்னொரு வகை. இவற்றில் முன்பக்கம் குழைந்து மங்கலாக இருக்க, பின்பக்கக் கோதுமைக் கதிர்கள் கோடு கோடாகத் தெளிவாக இருக்கும். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் முழு மதிப்பும் கொடுத்துத் தேடுவது இந்த இரண்டாவது வகையைத்தான். நான் வாங்கியதோ மூன்றாவது வகை: ‘டி’ எழுத்தை எவரோ சுரண்டி எடுத்துவிட்ட சாதாரண 1922 சென்ட். முன்பக்கம் முழுவதும் கூர்மையாக இருக்கிறதே, மெருகேற்றித் தேய்ந்த அச்சின் காசு இப்படி இருக்குமா என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். ‘டி’ இருந்த இடத்தில் மட்டும் தளம் மயிரிழை அளவு தாழ்ந்திருந்ததை, வாங்கி எட்டு மாதங்கள் கழித்துச் சாய்ந்த வெயிலில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன்.

குறியை நீக்குவது மட்டுமல்ல, சேர்ப்பதும் உண்டு. 1914ஆம் ஆண்டின் டென்வர் சென்ட் விலையுயர்ந்தது என்பதால், 1944 டென்வர் சென்ட்டின் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்கி விற்றிருக்கிறார்கள். செதுக்கிய எண்ணுக்கும் அதற்கு முன்னுள்ள 9-க்கும் நடுவே இடைவெளி அகன்றிருக்கும். அதைவிடத் தெளிவான சாட்சி, காசின் முன்பக்கத்தில் உள்ள லிங்கன் உருவத்தின் தோளில் இருக்கிறது: வடிவமைப்பாளரின் பெயர்ச் சுருக்கம் 1918இல்தான் அந்த இடத்தில் சேர்க்கப்பட்டது. 1914 என்று எண் இருக்கும் காசின் தோளில் அந்தச் சுருக்கம் தெரிந்தால் காசே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரட்டிப்பாகத் தெரியும் குறிகளுக்கும் ஓர் உரைகல் சொல்கிறேன். அமெரிக்காவில் 1980களின் இறுதி வரை நாணயச்சாலைக் குறியை ஒவ்வோர் அச்சிலும் தனியாகப் பஞ்ச் (முனையில் குறி செதுக்கிய எஃகுக் கருவி) வைத்துக் கையால் அடித்தார்கள். முதல் அடி சற்று விலகி, மறுபடி அடித்திருந்தால் குறி மட்டும் இரட்டிப்பாகும். அது உண்மையான வகை. அந்த இரட்டிப்பில் இரண்டு உருவங்களும் உருண்ட மேடாக, சந்திக்கும் இடத்தில் சிறு பிளவோடு தெரியும். அச்சில் உருவம் பதிக்கும்போதே எண்ணும் எழுத்தும் இரட்டித்துவிட்ட புகழ்பெற்ற 1969 சான் பிரான்சிஸ்கோ சென்ட்டில், குறி பிறகு தனியாக அடிக்கப்பட்டதால் அது மட்டும் இரட்டிக்காமல் ஒற்றையாக நிற்கும். மூன்றாவது நிலை, காசை அச்சடிக்கும் கணத்தில் அச்சு லேசாக அசைந்து, எண்ணையும் குறியையும் சேர்த்து ஒரே திசையில் நசுக்கிவிடுவது. அப்போது தட்டையான படிபோன்ற ஒரு நிழல் தோன்றி, எழுத்தின் அகலம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். இணையத்தில் ‘இரட்டை முத்திரை’ என்று விற்பனைக்கு வரும் காசுகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த மூன்றாவது நிலைக் காசுகளே.

காசுப்பெட்டி

உங்கள் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு விளக்கைச் சாய்த்து வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். 1997 காசின் நொய்டாப் புள்ளியில் நிழல் ஆண்டு எண்ணின் நிழல் விழும் பக்கத்திலேயே விழுகிறது. இரண்டாவது புள்ளியில் எதிர்ப்பக்கம் விழுகிறது. அதன் ஓரமாக ஒரு மெல்லிய வரப்பும் இருக்கிறது. அத்துடன், அந்தப் புள்ளிக்கு மேலே இருக்கும் 7-இன் கால் அடியில் சற்று நசுங்கியிருப்பதையும் இப்போதுதான் கவனித்தேன். ஆகவே அது அடிபட்ட காயம்தான் என்று நினைக்கிறேன்.

1985 காசின் வைரம் மேடானது, நான்கு பக்கமும் ஒழுங்கானது, 1-இன் நேர் கீழே இருக்கிறது. 1995 காசுதான் இன்னும் குழப்புகிறது. மேடு நொய்டாப் புள்ளியைவிடச் சற்றுப் பெரியது. மேல்பக்கம் வட்டமாகவும், கீழ்ப்பக்கம் இரண்டு சிறு கூர்முனைகள் உள்ளதாகவும் தெரிகிறது. தந்தையாரின் குறிப்பை அழித்துவிட்டு எழுதுவதா என்றும் தயங்குகிறேன்.

அச்சுப்பட்டறை

இரண்டு கூர்முனைகள் தெரிகின்றன என்றால் அது நட்சத்திரத்தின் மிச்சம், ஹைதராபாத் காசு. மேல்பக்கக் கைகள் மட்டும் அடைபட்டிருக்கின்றன. அதே ஆண்டின் இன்னொரு ஹைதராபாத் காசில் இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடும். என்னிடம் 1995 காசுகள் ஒரு கைப்பிடி இருக்கின்றன. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு பெரிதாக்கிய படங்களை நாளை மாலை இங்கே இடுகிறேன்.

நாணயக்கண்

7-இன் கால் நசுங்கியிருக்கிறது என்பதே போதுமான சாட்சி. அச்சில் சில்லுப் பெயர்ந்தால் பக்கத்து எண் நசுங்குவதில்லை, அடிபட்டால்தான் நசுங்கும். சேகரிப்பில் என் முதல் பத்து ஆண்டுகளை இந்த மாதிரி அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் புள்ளியையே முறைத்துப் பார்த்து வீணாக்கினேன்.

தந்தையாரின் எழுத்தைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். அதே உறையின் பின்பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, நீங்கள் பார்த்ததையும் எந்த ஒளியில், எந்த லென்ஸில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 1985 உறைக்கு மட்டும் ‘லான்ட்ரிசன்ட், முதல் இலக்கத்தின் கீழ் வைரம்’ என்று எழுதினால் போதும். பென்சிலாலேயே எழுதுங்கள், பேனா மை ஈரப்பதத்தில் கசிந்து காசில் கறை பிடிக்கும்.